ஜெயித்துவிட்டு ஊருக்குக் கிளம்பியவர் வீடு போய்ச் சேரவில்லை! 9 உலக சாம்பியன்களை வீழ்த்திய பால் கெரெஸ் யார்? செஸ் அரங்குகளுக்கு அவர் மரணம் சொல்லும் பாடம் என்ன?

ஊர் போய்ச் சேர இன்னும் 80 கிலோமீட்டர்தான் பாக்கி. நடுவில் ஒரு கடல். அந்தப் பக்கம் தாலின், இந்தப் பக்கம் ஹெல்சிங்கி. கனடாவின் வான்கூவரில் ஒரு செஸ் போட்டியில் முதலிடம் பிடித்துவிட்டு, உலகத்தையே பாதி சுற்றி வந்த ஒரு மனிதர், தன் நாட்டுக்குள் காலடி வைப்பதற்கு முன்பே மாரடைப்பால் உயிரிழந்தார். தேதி 1975 ஜூன் 5. வயது 59.

அவர் பெயர் பால் கெரெஸ். செஸ் உலகில் உலக சாம்பியன் ஆகாமலேயே சாம்பியன்களுக்கு நிகராக மதிக்கப்படுகிற வெகு சிலரில் ஒருவர். எஸ்டோனியா நாட்டில் ரூபாய் நோட்டு மாதிரி அவர்களுடைய பணத்தாளில் இவர் முகம் அச்சாகியிருந்தது என்றால், எந்த அளவுக்குக் கொண்டாடப்பட்டவர் என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

உட்கார்ந்து காய் நகர்த்துற விளையாட்டுதானே, இதில் இதயத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பதில் கெரெஸின் வாழ்க்கையிலேயே இருக்கு. வாங்க, முதல்ல இருந்து பார்க்கலாம்.

புத்தகம் கிடைக்காத ஊரில் வளர்ந்த சிறுவன்

1916 ஜனவரி 7. ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த நார்வா நகரத்தில் பிறந்தார் கெரெஸ். இரண்டு வருஷம் கழித்து, 1918-ல் எஸ்டோனியா சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டது. குடும்பம் பார்னு என்ற கடலோர ஊரில் குடியேறியது.

அப்பாவும் அண்ணன் ஹெரால்டும் ஆடுவதைப் பார்த்துத்தான் கெரெஸ் செஸ் கற்றுக்கொண்டார். அந்த அண்ணன் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் எஸ்டோனியாவின் முக்கியமான இயற்பியலாளராக வளர்ந்தவர்.

பிரச்சனை என்னன்னா, பார்னு மாதிரி சின்ன ஊரில் செஸ் புத்தகங்கள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் செய்தித்தாளில் வரும் செஸ் புதிர்களைத் தேடித் தேடிப் போட்டார். கிடைத்த ஆட்டங்களை எல்லாம் கையாலேயே நோட்டில் எழுதி வைத்தார். அப்படி எழுதிச் சேர்த்த ஆட்டங்கள் கிட்டத்தட்ட ஆயிரம்!

எதிரில் உட்கார்ந்து ஆட நல்ல ஆள் இல்லையா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். தபால் செஸ். ஒரு நகர்வை கார்டில் எழுதி அனுப்பினால், எதிராளியின் பதில் நாட்கள் கழித்து வரும். ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் சுமார் 150 தபால் ஆட்டங்களை நடத்திக்கொண்டிருந்தார் அந்தப் பையன். இன்று ஆன்லைனில் நொடிக்கு நொடி ஆடுபவர்களுக்கு இது கற்பனைக்கு எட்டாத விஷயம்.

பள்ளி மாணவர்களுக்கான எஸ்டோனியப் பட்டத்தை 1930, 1932, 1933 என மூன்று முறை வென்றார். 19 வயதில் நாட்டின் சாம்பியன். அதே 1935-ல் வார்சாவில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் எஸ்டோனியாவின் முதல் போர்டில் உட்கார்ந்தார். அப்புறம் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். ஆனால் மனசு முழுக்க 64 கட்டத்தில்தான்.

22 வயதில் உலகத்தின் உச்சியில்

1936-ல் ஜெர்மனியின் பாட் நௌஹைமில், முன்னாள் உலக சாம்பியன் அலெக்சாண்டர் அலெக்கைனோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அலெக்கைன் அடுத்த வருஷமே பட்டத்தைத் திரும்பப் பிடித்த ஆள். 1937-ல் ஆஸ்திரியாவில் நடந்த செம்மெரிங்-பாடன் போட்டியில் ரூபன் ஃபைன், கபாபிளாங்கா, ரெஷெவ்ஸ்கி ஆகியோரைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம்.

உச்சம் வந்தது 1938 நவம்பரில். நெதர்லாந்தில் நடந்த ஆவ்ரோ போட்டி. உலகின் தலைசிறந்த 8 பேர் மட்டும். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் இரண்டு முறை ஆட வேண்டும், மொத்தம் 14 சுற்றுகள். அலெக்கைன், கபாபிளாங்கா, மேக்ஸ் யூவே, போட்வின்னிக், ரெஷெவ்ஸ்கி, ஃபைன், ஃப்ளோர் என எதிரில் இருந்த ஏழு பேரும் ஜாம்பவான்கள். கெரெஸும் ஃபைனும் தலா எட்டரைப் புள்ளிகளுடன் முதலிடம். அவர்களுக்குள் நடந்த ஆட்டங்களில் கெரெஸ் கை ஓங்கியிருந்ததால், வெற்றியாளராக அவர் பெயர் முதலில் வந்தது. வயசு வெறும் 22.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. ஆவ்ரோ போட்டி இன்னொரு காரணத்துக்காகவும் பேசப்படுகிறது. ஒரே அரங்கில் நடத்தாமல், நெதர்லாந்தின் பல ஊர்களுக்கு வீரர்களை மாற்றி மாற்றி அழைத்துச் சென்றார்கள். ஆட்டம், ரயில், ஆட்டம், ரயில் என்று ஓட்டம். இளைஞர்கள் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தப் போட்டிக்கு நடுவே 50 வயதைத் தொட்ட கபாபிளாங்காவால் முடியவில்லை. உயர் ரத்த அழுத்தத்தோடு போராடிக்கொண்டிருந்த அந்த முன்னாள் உலக சாம்பியன் ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

நான்கே ஆண்டுகள். 1942 மார்ச் 7-ம் தேதி, நியூயார்க்கின் மன்ஹாட்டன் செஸ் கிளப்பில் இருந்தபோது கபாபிளாங்கா சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. மறுநாள் காலை மவுண்ட் சினாய் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 53. செஸ் மேதைகளின் உடம்பு ஒன்றும் இரும்பு இல்லை என்பதை உலகம் கவனித்திருக்க வேண்டிய முதல் எச்சரிக்கைகளில் அது ஒன்று.

போர் வந்தது, கனவு தள்ளிப்போனது

ஆவ்ரோவில் ஜெயித்தவர் அலெக்கைனுக்கு உலகப் பட்டத்துக்காகச் சவால் விடுவார் என்பதுதான் எல்லோரின் எதிர்பார்ப்பு. ஆனால் வரலாறு வேறு கணக்கு போட்டது.

1939-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் ஒலிம்பியாட். அது நடந்துகொண்டிருக்கும்போதே செப்டம்பர் 1-ம் தேதி இரண்டாம் உலகப் போர் வெடித்தது. குட்டி நாடான எஸ்டோனியா, கெரெஸ் தலைமையில் மூன்றாவது இடம் பிடித்து அசத்தியது. பல வீரர்கள் ஐரோப்பாவுக்குத் திரும்பவே வேண்டாம் என்று அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார்கள். கெரெஸ் திரும்பினார். அந்தக் குளிர்காலத்திலேயே முன்னாள் உலக சாம்பியன் யூவேவுடன் 14 ஆட்டங்கள் கொண்ட நேரடி மோதலில் ஏழரைக்கு ஆறரை என்று வென்றார்.

பிறகு நடந்தது எல்லாம் ஒரு சின்ன நாட்டின் துயரக் கதை. 1940-ல் சோவியத் யூனியன் எஸ்டோனியாவை இணைத்துக்கொண்டது. கெரெஸ் சோவியத் வீரர் ஆனார். 1941-ல் ஜெர்மன் படை வந்தது. அடுத்த சில வருஷங்கள், ஜெர்மன் கட்டுப்பாட்டில் இருந்த ஐரோப்பாவில் நடந்த போட்டிகளில் ஆடினார். 1944-ல் சோவியத் படை மறுபடியும் வந்தது. ஆயிரக்கணக்கான எஸ்டோனியர்கள் படகு ஏறித் தப்பினார்கள். கெரெஸ் ஊரிலேயே இருந்தார்.

ஜெர்மன்காரர்கள் நடத்திய போட்டியில் ஆடியவர் என்பதால் சோவியத் அதிகாரிகளின் சந்தேகப் பார்வை அவர் மேல் விழுந்தது. ஆட்டம் தெரிந்தவர் என்பதால் தப்பித்தார் என்றும் சொல்லலாம், ஆட்டம் தெரிந்ததால்தான் மாட்டிக்கொண்டார் என்றும் சொல்லலாம். மூன்று ஆட்சி மாற்றங்களைப் பார்த்த ஒருவரின் மனசுக்குள் எவ்வளவு பாரம் இருந்திருக்கும்? அதை அவர் வெளியே காட்டிக்கொண்டதே இல்லை. பழகியவர்கள் எல்லோருக்கும் அவர் நல்ல உடையும் நல்ல பண்பும் கொண்ட கனவான். நன்றாக டென்னிஸ் ஆடுபவர். அவ்வளவுதான்.

எப்பவும் ரெண்டாவது இடம்!

1946-ல் அலெக்கைன் போர்ச்சுகலில் இறந்தார். சாம்பியன் நாற்காலி காலி. அதை நிரப்ப 1948-ல் ஹேக், மாஸ்கோ ஆகிய நகரங்களில் 5 பேர் மோதினார்கள். போட்வின்னிக் 14 புள்ளிகளோடு சாம்பியன் ஆனார். ஸ்மிஸ்லோவ் 11. கெரெஸும் ரெஷெவ்ஸ்கியும் தலா பத்தரை.

இங்கதான் செஸ் உலகம் இன்றுவரை விவாதிக்கிற ஒரு விஷயம் இருக்கு. போட்வின்னிக்குடனான 5 ஆட்டங்களில் முதல் நான்கிலும் கெரெஸ் தோற்றார். மேலிடத்து அழுத்தத்தால் விட்டுக்கொடுத்தாரா என்ற சந்தேகம் எழுந்தது. ஆனால் இதுவரை எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது ஒரு விசித்திரமான தொடர். உலக சாம்பியனுக்குச் சவால் விடப்போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிகளில் கெரெஸ் பிடித்த இடங்களைப் பாருங்க:

1953, சூரிக்: இரண்டாம் இடம் (வேறு இருவருடன் பகிர்வு)
1956, ஆம்ஸ்டர்டாம்: இரண்டாம் இடம்
1959, யுகோஸ்லாவியா: இரண்டாம் இடம்
1962, குராசோ: இரண்டாம் இடம்

தொடர்ந்து நான்கு முறை! ஒரு தடவை முதலிடம் வந்திருந்தால்கூட உலகப் பட்டத்துக்கு ஆடியிருப்பார். என்றென்றும் இரண்டாமவர் என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

ஆனால் இந்தப் பட்டப்பெயரை வைத்து அவரை எடைபோட்டால் ஏமாந்துபோவீர்கள். சோவியத் சாம்பியன் பட்டத்தை 1947, 1950, 1951 என மூன்று முறை வென்றவர். 1952 முதல் 1964 வரை தொடர்ந்து 7 ஒலிம்பியாட்களில் சோவியத் அணிக்காக ஆடினார், ஏழிலும் அணிக்குத் தங்கம். கபாபிளாங்கா, அலெக்கைன், யூவே, போட்வின்னிக், ஸ்மிஸ்லோவ், டால், பெட்ரோசியன், ஸ்பாஸ்கி, பாபி ஃபிஷர் என 9 உலக சாம்பியன்களைத் தன் வாழ்நாளில் வென்றிருக்கிறார். சிசிலியன் தடுப்பாட்டத்தில் கெரெஸ் தாக்குதல் என்று அவர் பெயரிலேயே ஒரு முறை இன்றும் ஆடப்படுகிறது.

குராசோ: தீவில் நடந்த உடல் சோதனை

1962 குராசோ போட்டியைத் தனியாகப் பார்க்க வேண்டும். கரீபியன் கடலில் ஒரு வெப்பமான தீவு. எட்டு பேர், ஒவ்வொருவரும் மற்றவர்களுடன் தலா நான்கு முறை. மே மாதம் ஆரம்பித்து ஜூன் இறுதி வரை நீண்ட மாரத்தான்.

முன்னாள் உலக சாம்பியன் மிகைல் டால் சிறுநீரகக் கோளாறால் அவதிப்பட்டு, முக்கால்வாசிப் போட்டி முடிந்த நிலையில் மருத்துவமனைக்குப் போனார். கடைசிச் சுற்றுகளில் ஆடவே இல்லை. 46 வயது கெரெஸ் கடைசிவரை தாக்குப்பிடித்தார். ஆனால் முடிவு நெருங்கும் நேரத்தில் பால் பென்கோவிடம் ஒரு தோல்வி. பெட்ரோசியன் பதினேழரை, கெரெஸ் பதினேழு. அரைப் புள்ளியில் போனது வாழ்நாள் கனவு.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? வாரக்கணக்கில் நடக்கும் செஸ் போட்டி மூளைக்கு மட்டும் சோதனை இல்லை. ஆட்டம் சூடுபிடிக்கும்போது உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயத்துடிப்பு எகிறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆனால் ஓடுபவருக்குக் கை கால் அசைகிறது, செஸ் வீரர் மணிக்கணக்கில் நாற்காலியிலேயே இருக்கிறார். தூக்கம் கெடுகிறது, சாப்பாட்டு நேரம் தவறுகிறது, பலருக்கு அந்தக் காலத்தில் சிகரெட்டும் துணை. ஏற்கெனவே ரத்தக்குழாயில் அடைப்போ, கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருப்பவருக்கு இது ஆபத்தான கூட்டணி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செஸ் ஆடினால் மாரடைப்பு வரும் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. இதய நோய் எங்கிருந்தாலும் வரும். ஆனால் வயசானவர்களும் சிறுவர்களும் ஒரே அரங்கில், மணிக்கணக்கில், பதற்றத்தோடு உட்காரும் விளையாட்டு இது. அந்த அரங்கில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது நம் கடமை.

கடைசி வெற்றி, கடைசிப் பயணம்

1965-ல் ஸ்பாஸ்கியிடம் தோற்றதோடு கெரெஸின் உலகப் பட்டக் கனவு முடிந்தது. ஆனால் ஆட்டம் முடியவில்லை. 1975-ன் தொடக்கத்தில் சொந்த ஊரான தாலினில் நடந்த சர்வதேசப் போட்டியில், முன்னாள் உலக சாம்பியன் ஸ்பாஸ்கியையே பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தார். வயது 59. ஊரே கொண்டாடியது.

அதே ஆண்டு மே மாதம் வான்கூவர் பயணம். அங்கும் வெற்றி. திரும்பும் வழியில் ஹெல்சிங்கியில் இதயம் நின்றுவிட்டது.

தாலினில் நடந்த இறுதி ஊர்வலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடினார்கள். அப்போது எஸ்டோனியாவின் மொத்த மக்கள்தொகையே சுமார் 14 லட்சம்தான். அதாவது நாட்டில் பதினான்கில் ஒருவர் தெருவுக்கு வந்து நின்றார். ஃபிடே தலைவராக இருந்த, ஒரு காலத்தில் கெரெஸோடு மோதிய அதே மேக்ஸ் யூவேவும் அஞ்சலி செலுத்த வந்திருந்தார். தங்கள் கொடியைக்கூடப் பறக்கவிட முடியாத ஒரு மக்களுக்கு, உலக மேடையில் கெரெஸ்தான் கொடி. அந்தக் கூட்டத்துக்கு அதுதான் அர்த்தம்.

1975-ல் ஒருவரின் இதயம் நின்றால் என்ன நடந்திருக்கும்?

இங்க கொஞ்சம் மருத்துவ வரலாறு. மார்பில் கைவைத்து அழுத்தும் சி.பி.ஆர் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் விளக்கி எழுதியதே 1960-ல்தான். நின்ற இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவியை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் செய்து காட்டியது 1965-ல். கார் பேட்டரியில் ஓடிய அந்தக் கருவியின் எடை சுமார் 70 கிலோ! இன்று விமான நிலையங்களிலும் மால்களிலும் சுவரில் தொங்குகிற, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய ஏ.இ.டி கருவி, கெரெஸ் காலத்தில் பொது இடங்களில் கிடையாது.

இன்னொரு விஷயம். கெரெஸ் உயிரிழந்த பின்லாந்து, அந்தக் காலத்தில் ஆண்கள் இதய நோயால் இறப்பதில் உலகிலேயே மோசமான இடத்தில் இருந்த நாடு. வெண்ணெய், உப்பு, சிகரெட் மூன்றும் தூக்கலான வாழ்க்கை. அதை மாற்ற 1972-ல் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் வட கரேலியா என்ற மாகாணத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. சமையல் எண்ணெயில் இருந்து புகைப் பழக்கம் வரை ஊர் ஊராகப் போய் மாற்றினார்கள். சில பத்தாண்டுகளில் வேலை செய்யும் வயது ஆண்களிடையே இதய நோய் மரணங்கள் அங்கு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. முன்கூட்டியே திட்டமிட்டால் இதயத்தைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

கெரெஸுக்குப் பிறகும் நிற்காத மரணங்கள்

1979 நவம்பரில் சிட்னி. உலகின் முதல் தபால் செஸ் சாம்பியனான ஆஸ்திரேலியாவின் செசில் பர்டி, போட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். வயது 73.

2000 ஜூலையில் பின்லாந்தின் ஜுவாஸ்குலா நகரம். கிராண்ட்மாஸ்டர் விளாடிமிர் பாகிரோவ் போட்டி ஆட்டத்தின் நடுவே மாரடைப்புக்கு ஆளாகி உயிரிழந்தார்.

2014 ஆகஸ்ட். நார்வேயின் ட்ரோம்சோவில் ஒலிம்பியாட்டின் கடைசிச் சுற்று. சீஷெல்ஸ் அணியின் 67 வயது வீரர் ஒருவர் ஆடும்போதே சரிந்து விழுந்தார். அரங்கிலேயே முதலுதவி நடந்தது. ஆனால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அப்போது நடந்த ஒரு விஷயம்தான் யோசிக்க வைக்கிறது. உயிர் காக்கக் கொண்டுவந்த மின்அதிர்ச்சிக் கருவியை ஏதோ ஆயுதம் என்று சிலர் தப்பாக நினைத்துவிட்டதால், அரங்கில் பீதி கிளம்பியதாகச் செய்திகள் வெளியாகின.

பாருங்க, அங்கே கருவி இருந்தது. ஆள் இருந்தார். ஆனால் சுற்றி இருந்த பலருக்கு அது என்ன கருவி என்றே தெரியவில்லை. தயார்நிலை என்பது கருவி வாங்கி வைப்பதோடு முடிவதில்லை.

மாரடைப்பு வேறு, இதயம் நிற்பது வேறு

இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சிம்பிளா சொன்னா, மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு மாதிரி. இதயத்துக்கு ரத்தம் போகும் குழாயில் தடை. ஆள் நினைவோடு இருக்கலாம், பேசலாம். நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை அறிகுறிகள்.

இதயத்துடிப்பு திடீரென நிற்பது கரண்ட் கோளாறு மாதிரி. ஆள் சட்டென்று விழுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது, சரியான மூச்சும் இருக்காது. முதல் பிரச்சனை இரண்டாவதில் போய் முடியலாம். மின்அதிர்ச்சி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. பத்து நிமிஷம் போனால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பது போதாது என்பதற்குக் காரணம் இதுதான்.

செஸ் அரங்கில் மட்டும் ஏன் கூடுதல் கவனம்?

மற்ற விளையாட்டுகளில் ஒருவர் விழுந்தால் மைதானமே பார்க்கும். செஸ்ஸில் நிலைமை தலைகீழ்.

ஒன்று, அமைதி. வீரர்கள் சத்தம் போடக் கூடாது என்று பழகியவர்கள். உதவி கேட்கவே தயங்குவார்கள்.

இரண்டு, தோற்றம். தலையைக் கையில் தாங்கி, கண்ணை மூடி உட்காருவது செஸ்ஸில் சகஜம். யோசிக்கிறாரா, மயங்கிவிட்டாரா என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது.

மூன்று, போன். அரங்குக்குள் மொபைல் கொண்டுவரத் தடை. அவசரத்துக்கு யாரிடம் போன் இருக்கிறது என்று தேட வேண்டிய நிலை.

நான்கு, கடிகாரம். நெஞ்சு வலித்தாலும், நேரம் ஓடுகிறதே என்று எழுந்திருக்க மாட்டார்கள். உண்மையில் அவசரம் என்றால் நடுவரே கடிகாரத்தை நிறுத்தலாம், அதற்கு விதியில் இடம் உண்டு. ஒரு புள்ளிக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்பதை வீரர்களுக்குப் போட்டி தொடங்கும்போதே அறிவிக்க வேண்டும்.

போட்டி நடத்துபவர்கள் என்ன செய்யணும்?

பள்ளி ஹாலோ கல்யாண மண்டபமோ, எங்கே போட்டி நடந்தாலும் இந்த விஷயங்கள் கைவசம் இருக்கட்டும்:

நடுவர்களில் குறைந்தது இரண்டு பேராவது சி.பி.ஆர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

ஏ.இ.டி கருவி எங்கே இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். அது பூட்டிய அலமாரியில் இருக்கக் கூடாது. முதல் சுற்றுக்கு முன்பே எல்லோருக்கும் ஒருமுறை காட்டிவிட்டால், ட்ரோம்சோ மாதிரி பீதி வராது.

மேசை வரிசைகளுக்கு இடையே ஸ்ட்ரெச்சர் போகும் அளவுக்கு வழி வேண்டும். பின்வாசலைப் பூட்டி வைக்கக் கூடாது.

ஆம்புலன்ஸை அழைக்க ஒருவர், வாசலில் நின்று வழிகாட்ட ஒருவர், கருவியை எடுத்துவர ஒருவர், மற்ற வீரர்களை வெளியே அனுப்ப ஒருவர் என்று பெயர் குறித்து வேலையைப் பிரித்து வைக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்றால், யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நடுவரின் மேசையில் ஒரு போன் எப்போதும் சார்ஜோடு இருக்க வேண்டும். அரங்கின் முழு முகவரியும் அதன் பக்கத்தில் எழுதி இருக்கட்டும். பதற்றத்தில் முகவரி மறந்துபோகும்.

வீரர்களின் குடும்பத்தினரின் எண்ணை, பதிவு செய்யும்போதே வாங்கி வைக்க வேண்டும். கெரெஸைப் போல எத்தனையோ பேர் தனியாகத்தான் பயணம் செய்கிறார்கள்.

பக்கத்தில் ஒருவர் விழுந்தால் நீங்கள் என்ன செய்யணும்?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் உடனே 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஏ.இ.டி கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை. பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ ஆழம் வரை, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வேகத்தில் அழுத்துங்கள். நிறுத்த வேண்டாம். களைத்துப்போனால் அடுத்தவரை மாற்றுங்கள்.

ஏ.இ.டி வந்ததும் ஆன் செய்யுங்கள். அதுவே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும். இதயத்தின் நிலையை அதுவே ஆராய்ந்து, தேவை இருந்தால் மட்டும்தான் மின்அதிர்ச்சி கொடுக்கும். தப்பாகிவிடுமோ என்ற பயமே வேண்டாம்.

நோட்டில் ஒரு முகம்

சோவியத் ஆட்சி முடிந்து, 1992-ல் எஸ்டோனியா தன் சொந்தப் பணமான குரூனை மறுபடியும் கொண்டுவந்தது. அதன் 5 குரூன் நோட்டில் இருந்த முகம் கெரெஸ். நோட்டின் பின்பக்கம், அவர் பிறந்த நார்வாவின் கோட்டை. 2011-ல் அந்த நாடு யூரோவுக்கு மாறும்வரை அந்த நோட்டு மக்களின் சட்டைப் பையில் இருந்தது. அவர் பிறந்த நூற்றாண்டை ஒட்டி 2016-ல் 2 யூரோ நாணயம் ஒன்றும் வெளியானது. அந்த நாட்டின் 20-ம் நூற்றாண்டின் சிறந்த விளையாட்டு வீரராகவும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கடைசியாக ஜெயித்த வான்கூவர் நகரில், அவர் நினைவாக ஒரு செஸ் போட்டி தொடங்கப்பட்டு, ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமானது.

உலக சாம்பியன் பட்டம் கடைசிவரை கெரெஸுக்குக் கிடைக்கவில்லை. அந்த அரைப் புள்ளியை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் அடுத்த வாரம் உங்கள் ஊரில் நடக்கப்போகும் போட்டியில், போர்டுகளை அடுக்கி வைப்பதற்கு முன்னால், பின்வாசல் திறந்திருக்கிறதா, ஏ.இ.டி எங்கே இருக்கிறது, யாருக்கு சி.பி.ஆர் தெரியும் என்று ஒருமுறை கேட்டுவிட முடியும். அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.